ஒன்பதாம் அத்தியாயத்தின் மேல் ஒரு முயல்

டாக்டர் பாங்கின் புத்தகத்தில் ஒன்பது அத்தியாயங்கள் இருந்தன. முதல் எட்டையும் அவர் ஆசை ஆசையாக எழுதியிருந்தார். ஒன்பதாவதைக் கடமைக்கு எழுதியிருந்தார். அதனால்தானோ என்னவோ, உருப்படியான விஷயம் ஒன்பதாவதில் மட்டும்தான் இருந்தது.

முதல் எட்டும் எப்படி என்றால், பிரசவம் என்பது ஓரிடத்தில் 'பிரபஞ்சத்தின் முதல் கதவு', இன்னோரிடத்தில் 'காலத்தின் கடைசிக் கதவு'. டாக்டர் பல வருஷம் பிரசவம் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சிக்குப் போனவர். கதவுகளுக்கு வெளியே நின்றே பழகியவர். கர்ப்பிணிகள் கோணலான ஆப்பிளைத் தொடக்கூடாது, உருண்டையானதைத்தான் சாப்பிட வேண்டும் என்று இரண்டாம் அத்தியாயம் சொன்னது. வயலின் கேட்டால் பிள்ளை முன்கோபியாகும், செல்லோ கேட்டால் நிதானமாக வளரும் என்று நான்காவது சொன்னது. ஈரத்துணியை மாற்றும்போது தாய் அவசரப்படாமல் குழந்தையின் கண்களைப் பார்த்தபடி மூன்று முறை ஆழ்ந்து மூச்சு விட வேண்டும் என்று ஏழாவது சொன்னது. அந்த மூன்று மூச்சுக்குள் குழந்தை என்னவெல்லாம் செய்து முடிக்கும் என்று டாக்டருக்குத் தெரிய நியாயமில்லை. அவர் வீட்டில் துணி மாற்றியவர் வேறு யாரோ.

பாஜு நகரில் அந்தப் புத்தகத்தைப் போட்ட பதிப்பகத்தில் நான் லே-அவுட், அதாவது பக்க வடிவமைப்பு, செய்கிறேன். எனக்கு எழுத்து வெறும் கட்டம். கட்டத்துக்குள் எதை ஊற்றினாலும் வரிகள் நேராக நிற்கின்றனவா என்று பார்ப்பேன். அதோடு படித்தும் தொலைப்பேன். அதுதான் என் கெட்ட பழக்கம்.

புத்தகத்தை எடிட் செய்யும் பொறுப்பு சுல்கிக்குக் கிடைத்தது. திறமைசாலி என்பது ஒரு காரணம். அப்போது அவள் வயிற்றோடு இருந்தாள் என்பது பெரிய காரணம். ஏழு வருஷம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்து, ஊசி போட்டுப் போட்டு வயிறெல்லாம் நீலம் பாரித்து, இனி போதும் என்று விட்டபிறகு நின்ற பிள்ளை. ஸ்கேனில் முதன்முதலாகப் பார்த்தபோது பயறு அளவுதான் இருந்ததாம். அதனால் பிள்ளைக்கு வயிற்றுப் பெயர் பயறு. மாதங்கள் போகப் போகப் பயறு எவ்வளவோ பெரிதாகிவிட்டது. பெயரை யாரும் மாற்றவில்லை.

"நம்ம ஆபீஸ்லயே ஒரு கர்ப்பிணி. புத்தகத்துக்கு இதைவிட ராசி என்ன வேணும்?" என்றார் முதலாளி குக். கெட்டவர் இல்லை அவர். சுல்கியின் நாற்காலிக்குத் தன் கையாலேயே மெத்தை வாங்கி வந்தவர். பிரிண்டரைச் சத்தம் வருகிறதென்று வேறு மாடிக்குத் தூக்கச் சொன்னவர். வயிற்றுப் பாடத்தில் அவருக்கு அசையாத நம்பிக்கை. தாய் பார்ப்பது, கேட்பது, வாயில் சொல்வது எல்லாம் பிள்ளைக்குப் போகும், ஆகவே நல்லது மட்டும்தான் போக வேண்டும். எங்கள் ஊரில் இதை நம்பாதவர்கள்கூட வீட்டில் ஒருத்தி உண்டாகியிருந்தால் நம்பிவிடுவார்கள்.

கையெழுத்துப் பிரதி முழுசாக வந்த அன்று முதலாளி ஒன்பதாம் அத்தியாயத்தைத் தனியே உருவி எடுத்துக்கொண்டார்.

"சுல்கிம்மா, இது உனக்கு வேண்டாம்."

"சார், நான்தானே எடிட்டர். எல்லாத்தையும் பார்க்கணுமே."

"எடிட்டரெல்லாம் அப்புறம். முதல்ல அம்மா. இதுக்குள்ள என்னென்ன இருக்கு தெரியுமா? ரத்தப்போக்கு இருக்கு, வலிப்பு இருக்கு, இன்னும் வாயால சொல்லக்கூடாததெல்லாம் இருக்கு. ரெண்டு பக்கம் படிச்சேன், எனக்கே வயித்தக் கலக்கிடுச்சு."

"உங்க வயித்துல யாரும் இல்லையே சார், கலங்கினாப் பரவாயில்ல," என்றேன்.

"மியங்சுக், உன் வாயை அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள வெச்சுப் பூட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். சுல்கியும் சிரித்தாள். அந்தத் தாள்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி சார். பயறுக்காக," என்றாள்.

அவள் வீட்டிலும் அதே கதைதான். புருஷன் இன்சோப் மின்தூக்கி ரிப்பேர் பார்க்கிறவன், தங்கமான பையன். ஆணின் தாழ்ந்த குரல்தான் பனிக்குடத் தண்ணீருக்குள் நன்றாகப் போகும் என்று ஐந்தாம் அத்தியாயத்தின் புரூஃபை சுல்கி காட்டினாளாம். வேலை விட்டு வந்ததும் கை கழுவி, வயிற்றுக்குப் பக்கத்தில் மண்டி போட்டு, புலியும் முயலும் வருகிற கதைகளை அடித்தொண்டையில் படிப்பான். கிளினிக்கில் 'இந்த அறிகுறிகள் தெரிந்தால்' என்று ஒரு தாள் கொடுத்தார்கள். அதை அவள் கையில் போகவிடாமல் வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டான். "இதையெல்லாம் நான் பார்த்துக்கறேன். நீ நல்லதை மட்டும் படி," என்றானாம். எங்களிடம் சொன்னபோது சுல்கியின் முகத்தில் அத்தனை பெருமை. ஆபீஸ் பெண்கள் அத்தனை பேரும் அவரவர் புருஷனை நினைத்துப் பெருமூச்சு விட்டார்கள்.

ஒன்பதாம் அத்தியாயம் விற்பனை மேலாளர் யுன்னிடம் போயிற்று. ஐம்பதை நெருங்கும் பிரம்மச்சாரி. பிரசவத்துக்கும் அவருக்கும் இருந்த ஒரே சம்பந்தம் அவரும் ஒருகாலத்தில் பிறந்திருந்தார் என்பதுதான். 'ரத்தப்போக்கு' என்பதை 'லேசான சிவப்பு' ஆக்கினார். 'வலிப்பு' என்பதை 'உடல் சிலிர்ப்பு' ஆக்கினார். அந்த அத்தியாயத்தில் டாக்டர் உவமை இல்லாமல் எழுதிய ஒரு வாக்கியம் இருந்தது: 'குழந்தையின் அசைவு குறைந்தாலோ வழக்கம்போல் இல்லாவிட்டாலோ, அடுத்த பரிசோதனை வரை காத்திருக்காதீர்கள், அன்றே வாருங்கள்.' யுன் அதன் கீழே பென்சிலால் கோடு போட்டு 'பயமுறுத்துகிறது' என்று எழுதியிருந்தார்.

நான் எழுந்து போய் அவர் மேஜை முன்னால் நின்றேன்.

"பயமுறுத்தத்தானே எழுதியிருக்காரு?"

"அக்கா, கடையில புத்தகத்தைப் புரட்டற பொண்ணு இந்தப் பக்கத்துல கை வெச்சான்னு வைங்க. அப்படியே மூடிட்டுப் பக்கத்துப் புத்தகத்தை எடுத்துடுவா. அதுல கரடி படமும் பூவும்தான் இருக்கும்."

முதலாளிக்கு இந்தக் கணக்கு உடனே பிடித்துப்போயிற்று. ஒன்பதாம் அத்தியாயமே வேண்டாம், எட்டு ராசியான எண் என்று முடிவாயிற்று. டாக்டரைத் தொலைபேசியில் கேட்டோம். "எனக்கும் அந்த அத்தியாயத்துல கவித்துவம் கம்மின்னு உறுத்திக்கிட்டேதான் இருந்துச்சு," என்றார் டாக்டர். தமக்குத் தெரிந்ததிலேயே பயனுள்ள விஷயத்தை வெட்டச் சம்மதிக்க அவருக்கு ஒரு மிடறு காபி குடிக்கும் நேரம் ஆயிற்று.

புத்தகம் அச்சுக்குப் போயிற்று. சுல்கிக்கு விடுப்பு தொடங்கச் சில நாட்களே இருந்தன. ஆபீஸுக்குப் பக்கத்துக் கடையில், காரம் போட்டுப் புளிக்கவைத்த முட்டைக்கோஸில் செய்கிற கிம்ச்சிக் குழம்பை வைத்துக்கொண்டு மதியம் உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு மட்டும் காரம் போடாமல் தனிக் கிண்ணம்.

"பயறு இப்ப எவ்வளவு சாதுவாயிட்டா தெரியுமா," என்றாள். "முன்னாடியெல்லாம் இந்நேரத்துக்கு உதைச்சுக் கிண்ணத்தையே கவுத்துடுவா. இப்பக் கதை கேட்டுக்கிட்டே தூங்கறா போல."

"பாத்தீங்களா," என்றார் முதலாளி. "பாடம் வேலை செய்யுது. செல்லோ கேட்ட புள்ளை. டாக்டர்கிட்டச் சொல்லணும்."

"பின்னட்டையில போடலாம் சார்," என்றார் யுன்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். "எப்பலேர்ந்து சாது?"

"நேத்து, முந்தாநேத்தா இருக்கும்க்கா."

"எந்திரி. கிளினிக்குக்குப் போலாம். நான் கூட வரேன்."

பக்கத்து மேஜைக்காரர்கள்கூடத் திரும்பினார்கள்.

"அக்கா, வர்ற வாரம்தான் செக்கப் இருக்கே."

"வர்ற வாரம் வேண்டாம். இப்பவே."

முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. "மியங்சுக், மனுஷி மாதிரி பேசவே உனக்கு வராதா? சாப்பிடற இடத்துல, வயித்துப்பிள்ளைக்காரி முன்னாடி. துப்பு. மூணு தரம் துப்பு."

"துப்பறேன் சார். துப்பிட்டு டாக்சி கூப்பிடறேன்."

இதையும் என் வழக்கமான கிண்டல் என்றுதான் எடுத்துக்கொண்டார்கள். யுன் சிரித்தார். சுல்கியும் சிரிக்கப் பார்த்தாள், ஆனால் உதடு ஒத்துழைக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் வயிற்றின் இரண்டு பக்கமும் வைத்து அழுத்திக்கொண்டாள். பிள்ளையின் காதைப் பொத்துகிறாள் என்பது எனக்குக் கொஞ்சம் பொறுத்துத்தான் உறைத்தது.

"அக்கா, பயமுறுத்தாதீங்க. அவ கேட்டுக்கிட்டிருக்கா."

ஆபீஸுக்குத் திரும்பியபின் அவள் மேஜைக்குப் போனேன். யுன் கோடு போட்ட அந்த வாக்கியத்தை, என் சொந்தச் சரக்கு எதுவும் சேர்க்காமல், அப்படியே சொன்னேன். அவள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

"அது ஒன்பதாவதுல இருக்கறதுதானே?"

"ஆமா."

"நான் படிக்கக்கூடாதுன்னா நீங்க சொல்லவும் கூடாதுல்லக்கா?" என்றாள், சண்டையில்லாத குரலில். அப்புறம், "நாளைக்குக் காலைல இன்சோப்புக்கு லீவு. வேணும்னா ஒரு எட்டுப் போய்ப் பார்த்துட்டு வரோம். சரியா? இப்ப விடுங்க," என்றாள்.

காலையில் போனார்கள். அங்கே கிளினிக் டாக்டர் திரையைத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டு, பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு நின்றுவிட்டது என்றாராம். முதல் நாளே வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று இன்சோப் கேட்டிருக்கிறான். பிழைத்திருக்கலாம், பிழைக்காமலும் போயிருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார்களாம். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் மீதி வாழ்நாளை என்ன செய்வது என்று தெரியவில்லை. அவன் அங்கேயே நடைபாதையில் நின்று, கோட்டுப் பையிலிருந்த தாளை எடுத்து, முதல்முறையாகப் படித்தான்.

உயிரில்லாவிட்டாலும் பெற்றுத்தான் ஆக வேண்டும். ஆறாம் அத்தியாயத்தில் சொல்லியிருந்தபடி சுல்கி மூச்சு விட்டாள். வலி வரும்போது தாடையைத் தளர்த்தினாள், தோளை இறக்கினாள், எண்ணி எண்ணி வெளியே ஊதினாள். அத்தனையும் வேலை செய்தது. அந்த மட்டில் டாக்டர் பாங்குக்கு நன்றி.

இரண்டு நாள் கழித்து அவளுக்குப் பால் சுரந்தது. பால் வராவிட்டால் என்ன செய்ய வேண்டும் என்று எட்டாம் அத்தியாயம் பக்கம் பக்கமாகச் சொல்லியிருந்தது. வந்த பாலை என்ன செய்வது என்று எங்கேயும் இல்லை. பால் கட்டிய மார்பில் வைத்துக்கொள்ளக் குளிரவைத்த முட்டைக்கோஸ் இலைகளை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு நான் போனேன். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற கடற்பாசி சூப்பை அவள் அம்மா ஒரு தூக்கு நிறைய வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தார்கள், உள்ளே கொண்டுபோகலாமா கூடாதா என்று யாரும் சொல்லாததால்.

"கொண்டாங்கம்மா," என்றாள் சுல்கி உள்ளேயிருந்து. "பெத்திருக்கேன்ல."

ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். நாங்கள் யாரும் அவளைப் பார்க்கவில்லை.

அவள் திரும்பி வருவதற்கு முன்பே ஆபீஸில் உத்தரவு போட்டுவிட்டார் முதலாளி. அவள் முன்னால் பிள்ளை என்ற பேச்சே எடுக்கக்கூடாது. மெத்தையை யாரோ எடுத்துவிட்டார்கள். பிரிண்டர் பழைய இடத்துக்கு வந்துவிட்டது. எல்லோரும் அவளிடம் சாப்பாட்டைப் பற்றியும் பனியைப் பற்றியும் மட்டும் பேசினார்கள். ஆபீஸிலிருந்தும் ஒன்பதாம் அத்தியாயத்தை வெட்டிவிட்டார்கள்.

வந்த முதல் நாள் காலை அவள் நேரே முதலாளி அறைக்குப் போனாள். கதவைத் திறந்தே வைத்திருந்தாள்.

"அடுத்த அச்சுல ஒன்பதாவதைச் சேர்க்கணும் சார்."

முதலாளி அழுதார். நிஜமாகவே அழுதார், மூக்கைச் சிந்தக் காகிதம் கிடைக்காமல் டாக்டர் பாங்கின் விளம்பரத் தாளை எடுத்துத் துடைத்துக்கொண்டார். சேர்க்கிறேன், கண்டிப்பாகச் சேர்க்கிறேன் என்றார். அழுகை நின்றதும் யுன்னைக் கூப்பிட்டார். அங்கேதான் விஷயம் கெட்டது.

புத்தகம் நன்றாக விற்றுக்கொண்டிருந்தது. படித்தாலே மனசு நிறைகிறது என்று கர்ப்பிணிகள் எழுதினார்கள். நிறைந்த மனசில் வலிப்பையும் ரத்தத்தையும் கொட்டினால் என்ன ஆகும் என்று யுன் ஒரு நாள் முழுக்க யோசித்தார். மறுநாள் கண்கள் மின்ன வந்தார்.

"கடைசியில சேர்ப்போம் சார். ஆனா ஒட்டிடுவோம். ஓரத்துல ஒரு ஸ்டிக்கர். 'அம்மாக்கள் திறக்க வேண்டாம், அப்பாக்களுக்கு மட்டும்.' விஷயமும் உள்ள இருக்கும், வயித்துப் பாடமும் கெடாது. இது மாதிரி யாருமே பண்ணதில்ல."

"ஒட்டினா யார் படிப்பாங்க?" என்றாள் சுல்கி.

"புருஷன் படிப்பான்மா," என்றார் முதலாளி.

"என் புருஷன் படிச்சானா சார்?"

முதலாளி மேஜையைப் பார்த்தார். யுன் ஜன்னலைப் பார்த்தார். வெளியே நதிப் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டிருந்தது.

"சுல்கிம்மா," என்றார் முதலாளி கடைசியில், மெதுவாக. "ஒண்ணுமே இல்லாததுக்கு, உள்ள இருக்கறது மேல் இல்லையா?"

அவளுக்கு வாதாடத் தெம்பில்லை. தெம்பிருந்தாலும் அந்த வாதத்துக்கு எதிர்வாதம் என்ன என்று எனக்கே தெரியாது. இல்லாததுக்கு மேல்தான். எங்கள் தொழிலில் வெட்கக்கேடான காரியங்கள் பெரும்பாலும் இந்த ஒரு நியாயத்தின் மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன.

அத்தியாயத்தை அவளே எடிட் செய்தாள். சிவப்பு மறுபடியும் ரத்தமாயிற்று, சிலிர்ப்பு மறுபடியும் வலிப்பாயிற்று. அந்த வாக்கியத்தைத் தடித்த எழுத்தில் தனிப் பத்தியாக வைக்கச் சொன்னாள். வைத்தேன். சுற்றிலும் வெள்ளை இடம் விட்டேன். என் வேலையில் அவ்வளவு நேராக நின்ற வரி வேறு இல்லை. அதன்மேல் ஸ்டிக்கர் வந்தது. அதில் ஒரு முயல், உதட்டின்மேல் விரலை வைத்துக் கண்சிமிட்டியது.

விற்பனை இரட்டிப்பாயிற்று. வாசகர் கருத்துகளை சுல்கி தினமும் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. 'இவ்வளவு அக்கறையுள்ள பதிப்பகத்தைப் பார்த்ததில்லை. முயலுக்கு வாக்குக் கொடுத்தபடி கடைசிவரை திறக்கவில்லை.' 'ஒட்டியிருப்பதைப் பார்த்தாலே நமக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு தைரியம்.' 'பிரிக்காமலேயே தங்கைக்குக் கொடுத்துவிட்டேன். அவளுக்கும் சுகப்பிரசவம்.' டாக்டர் பாங் தொலைக்காட்சியில் அந்த முயலை மடியில் வைத்துக்கொண்டு பேசினார். பொம்மையாகவும் வந்துவிட்டிருந்தது.

இந்த வசந்தத்தில் ஒரு நாள் மாலை, ஹாப்ஜங்கில் பஸ்ஸிலிருந்து இறங்கி நானும் சுல்கியும் மெட்ரோ ஏறினோம். கர்ப்பிணிகளுக்கான இளஞ்சிவப்பு இருக்கையில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பையில் கர்ப்பிணி அட்டை தொங்கியது. மடியில் எங்கள் புத்தகம். முயல் அப்படியே இருந்தது.

சுல்கி அவள் முன்னால் போய் நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன்.

"மன்னிக்கணும்ங்க," என்றாள். "அந்தக் கடைசிப் பக்கங்களை ஒரு தடவை பிரிச்சுப் பாருங்களேன்."

"ஐயோ, அதை நாங்க திறக்கக்கூடாதுங்களே. வீட்டுக்காரர் படிச்சுக்கறேன்னு சொல்லியிருக்கார்."

"படிச்சாரா?"

"படிப்பார்," என்றாள் அந்தப் பெண். பிறகு ஏதோ தோன்றி அண்ணாந்து பார்த்தாள். "உங்களுக்கு இந்தப் புத்தகம் தெரியுமா? உங்களுக்குக் குழந்தை இருக்கா?"

சுல்கி அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பார்த்தாள். நன்றாக இறங்கியிருந்த வயிறு.

"இருக்கு," என்றாள்.

"பையனா?"

"பொண்ணு."

"ரொம்ப வலிச்சுதா?"

"இல்ல. அந்த ஆறாம் அத்தியாயத்துல போட்டிருக்கறபடி மூச்சு விட்டீங்கன்னாப் போதும். நல்லாவே வேலை செய்யும்."

"பால்?"

"நல்லா வந்துச்சு."

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துவிட்டது. முன்பின் தெரியாதவள் சொன்ன நல்ல சொல் என்றால் அதற்குத் தனி மவுசு. சுல்கி அவளுக்கு எட்டு அத்தியாயத்தையும் ஒப்பித்தாள், ஆப்பிள் வரைக்கும். ஒன்பதாவது வாய்க்கு வரவில்லை. ஒரு கர்ப்பிணியின் முகத்துக்கு நேராக அதைச் சொல்ல அவளாலும் முடியவில்லை. நான் வாயெடுத்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் விரல்கள் ஜில்லென்றிருந்தன. அடுத்த ஸ்டேஷனில், அது அவள் இறங்க வேண்டிய இடமே இல்லை, இறங்கிக் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

கதவு மூடியது. நான் அந்தப் பெண்ணின் பக்கம் குனிந்தேன். முடிந்தவரை மெதுவாக, என் குரலில் கிண்டல் என்று எதுவும் இல்லாமல் சொன்னேன்.

"குழந்தை அசையறது குறைஞ்சா, அடுத்த செக்கப்புக்குக் காத்திருக்காதீங்க. அன்னிக்கே போயிடுங்க."

அவள் முகத்திலிருந்த மலர்ச்சி போயிற்று. புத்தகத்தைப் பையில் போட்டாள், இருக்கையிலிருந்து சிரமப்பட்டு எழுந்தாள். இரண்டு உள்ளங்கைகளையும் வயிற்றின் இரண்டு பக்கமும் வைத்து அழுத்திக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல், அடுத்த பெட்டிக்கு நடந்தாள்.